நான்காம் எண் கேமரா

இரவு ஒன்றே முக்கால்.
பெருங்குடி ஆபீஸில் ஏ.சி. பதினெட்டு டிகிரி.
கீழே வாட்ச்மேன் சட்டையைக் கழற்றி
நாற்காலி முதுகில் போட்டிருக்கிறார்.
சித்திரை பிறந்து ஒன்பது நாள்.

என் திரையில் ஓர் ஆறு, நடுப்பகல்.
அதன் பெயர் என் வாயில் நிற்கவில்லை.
எனக்கு வடக்கு என்றால் எண்ணூர்,
மிஞ்சிப் போனால் பழவேற்காடு.
இது, வடக்கு தீர்ந்த பிறகும்
கொஞ்சம் மிச்சமிருக்குமே, அந்த இடம்.

பத்து நிமிடத்துக்கு ஒரு படம்.
படத்துக்கு ஒரு பொத்தான்:
உறைந்தது, விரிசல், நகர்கிறது, நீர்.
நவம்பரிலிருந்து நான் அழுத்தியது முதல் பொத்தான்தான்.
உறைந்தது உறைந்தது உறைந்தது.
ஜனவரியில் ஒரு நாய் ஆற்றைக் கடந்தது.
நாய்க்குப் பொத்தான் இல்லை.
உறைந்தது என்றே போட்டேன்.

இந்த வாரம் வெள்ளை, வெள்ளையாக இல்லை.
அரிசி களைந்த நீர் போல ஆகிவிட்டது.
கரையோரம் கறுப்பாய் ஒரு ஈரக்கோடு.
ஆற்றின் நடுவே அந்த ஊர்க்காரர்கள்
ஒரு கம்பு நட்டிருக்கிறார்கள்.
அது எந்த நிமிடம் சாயும் என்று
ஊரே பணம் கட்டுமாம், ஷெரின் சொன்னாள்.
நாங்களும் கட்டினோம், தலைக்கு ஐம்பது.
ஹேமச்சந்திரன் காலண்டரைக் கிழித்து வந்து
ராகு காலத்தில் நிச்சயம் போகாது என்றான்.
எந்த ஊர் ராகு காலம் என்று கேட்டேன்.
வெந்நீர் பிடிக்கப் போய்விட்டான்.

படத்தைத் தேசிங்குக்கு அனுப்பினேன்.
அனுப்பக் கூடாது. அனுப்பினேன்.
தம்பிக்குக் காசிமேட்டில் ஐஸ் கம்பெனி.
தடைக்காலம், படகுகள் கட்டிக் கிடக்கின்றன,
மெஷினை நிறுத்திவிட்டார்கள்.
இன்னும் ஐம்பத்து மூன்று நாள்
மொட்டைமாடியில் பாயை நனைத்துப் போட்டு
தூங்காமல் படுத்திருப்பான்.

மற்ற மாதங்களில்
உப்புத் தொட்டியிலிருந்து தகர அச்சைத் தூக்கி
நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்குவான்.
ஒரு ஆள் எடை ஐஸ்
உள்ளுக்குள் பிடியை விடும்.
பார்த்தால் தெரியாது, கைக்குத்தான் தெரியும் என்பான்.

இரண்டு நாற்பதுக்குப் பதில் வந்தது:
"அடியில விட்டுருச்சுக்கா.
மேல சும்மா உக்காந்துனு இருக்குது.
வெடியறதுக்குள்ள பூடும்."

நாலு பத்தின் படத்தில் கம்பு நின்றது,
கொஞ்சம் யோசிக்கிற மாதிரி.
நாலு இருபதில் கம்பு இல்லை.
கரைமேல் வீடு உயரத்துக்குப் பாளங்கள்
ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக் கிடக்க,
நடுவில் பழுப்பாய், அவசரமாய்,
ஒரு சாதாரண ஆறு.

நடந்தது எல்லாம்
இரண்டு படங்களுக்கு நடுவில் நடந்துவிட்டது.
நான் அப்போது பல்லிடுக்கில் சிக்கிய
வேர்க்கடலைத் தோலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பொத்தானை அழுத்தினேன்.
ஆறு மாதத்தில் முதல்முறை.
'உறுதியாகத் தெரியுமா?' என்றது திரை.
முதல் பொத்தானுக்கு
ஒரு நாளும் அது இப்படிக் கேட்டதில்லை.

கேப் நேப்பியர் பாலம் ஏறியபோது
கிழக்கு வெளுத்துவிட்டது.
கீழே கூவம், மணல் அடைத்த வாயோடு,
தூக்கிய கையோடு தூங்கும் ஒரு ஜேசிபி.
விரலை என்னையறியாமல்
தொடைமேல் ஒருமுறை அழுத்திக்கொண்டேன்.

வீட்டில் கரண்ட் இல்லை.
தேசிங்கு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.
"பூட்சா?"
"பூட்ச்சு."
"சத்தம் எப்படி இருந்துச்சு?"
கேமராவில் சத்தம் வராது என்றேன்.
அவன் முகம் சட்டென்று
எனக்காக வருத்தப்பட்டது.
"அதாங்கா எல்லாமே," என்றான்.

ஃப்ரீசரைத் திறந்தேன்.
டிரேயில் தண்ணீர்,
ஒரு குழியில் மட்டும் நகம் அளவு ஐஸ்.
அதைக் கழுத்தில் தேய்த்துக்கொண்டு படுத்தபோது
ஷெரினின் செய்தி:
ஐம்பது ரூபாய் எல்லாம் ஹேமச்சந்திரனுக்காம்.
இன்றிரவு முதல் எனக்கு வேறு ஆறாம்,
இன்னும் வடக்கே.
அங்கே எதுவும் தொடங்கவில்லையாம்.