தட்டிப் பார்த்தல்

இருபது காசை விரலிடுக்கில் பிடித்து
நீ மண்டியிட்டுத் தட்டினாய்.
கெட்டிச் சத்தம் என்றால் நகர்ந்தோம்,
பொக்கு என்றால் நான் நீல நாடா ஒட்டினேன்.
தெங்காவில், பதினோராம் மாடியில்,
மின்விசிறிகூட இல்லாத அறையில்
சாவி வாங்கிய முதல் சனிக்கிழமை
இப்படிப் போயிற்று.
ஜன்னலோரம் ஒன்று பொக்கு.
ஆறாவது வரிசை, சுவரிலிருந்து மூன்றாவது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று
இதுவரை பத்தொன்பது பேர் சொல்லிவிட்டார்கள்.
இருபதாவது ஆளுக்கு
டைல்ஸ் பில்லை அனுப்புவதாக இருக்கிறோம்.

குத்தகைக்காரர் பெயர் கோ.
தமிழில் அரசன் என்று அர்த்தம் என நீ சொல்லப்போக
மனிதர் அதை நம்பிவிட்டார்.
அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரும் என்றது எதுவும்
அடுத்த புதனுக்கு முன் வந்ததில்லை.

மேளத்துக்கு முன்பணம் கேட்ட அதே நாளில்
படுக்கையறைக் கதவுக்கும் கேட்டார்கள்.
நாதஸ்வரம் ஜெயித்தது.
கதவு இருக்க வேண்டிய இடத்தில்
உன் பழைய சாரம் தொங்குகிறது.

ஒருநாள் இரவு கோப்புகளை மாற்றி அனுப்பிவிட்டாய்:
சமையலறை வரைபடம் சாப்பாட்டுக்காரருக்கு,
விருந்தினர் மேசைப் பட்டியல் கோவுக்கு.
"தம்பி, சிங்க் எதுக்கு,
கை கழுவ மண்டபத்துல இடம் இருக்கே" என்றார் அவர்.
"நாற்பது மேசையா?
உங்கள் வீடு நாலறை, தெரியும்தானே?" என்றார் இவர்.
சிரித்து முடிக்கவில்லை,
உன் சித்தப்பாவை என் மாமாவின் பக்கத்தில்
யார் உட்கார வைத்தது என்று தொடங்கிவிட்டோம்.

அது மறுநாளும் தொடர்ந்தது.
அரைநாள் விடுப்பு எடுத்து வந்து சண்டை போட்டோம்.
சித்தப்பாவிலிருந்து செருப்பு அலமாரிக்கு,
அலமாரியிலிருந்து சாமி மாடத்துக்கு,
அங்கிருந்து
"உனக்கு எதுவுமே முக்கியமில்லை" என்ற இடத்துக்கு.
நான் சிமெண்ட் மூட்டையில், நீ சாயவாளியில்.
காப்பிப் பொட்டலங்கள் ஜன்னல் கைப்பிடியில் தொங்கி
ஆறிக்கொண்டிருந்தன.
மேல்வீட்டில் யாரோ துளையிட்டார்கள்.
அவர்களுக்கும் இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது.
ஐந்து மணிக்குச் சட்டப்படி துளையிடுவது நின்றது.
அந்த அமைதியில் கத்தக் கூச்சமாக இருந்தது.
உன் காப்பியை எனக்கும் என் காப்பியை உனக்கும்
மாற்றி எடுத்துக் குடித்தோம்.
உன்னுடையதில் சீனி அதிகம்.
சொல்லவில்லை.

டைல் பதித்த சகாயராஜ் அண்ணன்
மிச்ச மணலை என்ன செய்வது என்று கேட்டார்.
ஈசூனில் என் அம்மா
நடைபாதையில் பந்தக்கால் ஊன்ற
எங்கேடி குழி தோண்ட என்று கேட்டுக்கொண்டிருந்தார்.
இப்போது அது மைலோ டின்னில் நிற்கிறது,
நம் குளியலறை மணலில்,
மாவிலை கட்டிக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து.
அண்ணனுக்கு அழைப்பிதழ் கொடுத்தாய்.
பெயர்களை விரலால் தொட்டுப் படித்தார்.
யுகேந்திரன் என்ற உன் முழுப்பெயரை
யாரோ சத்தமாகச் சொல்லி
நான் கேட்டது அன்றுதான்.
"ஞாயித்துக்கிழமைதானே, சத்தம் போடக்கூடாத நாள்,
வந்துடறேன்" என்றார்.

இன்று மருதாணி.
முழங்கைக்குக் கீழே எதுவும் எனக்குச் சொந்தமில்லை.
தங்கை ஷர்மினி போனை என் காதில் பிடித்திருக்கிறாள்.
கூடத்தில் அத்தைகள் சீர்த்தட்டுகளை எண்ணுகிறார்கள்,
எப்படி எண்ணினாலும் இரட்டைப்படையில் வருகிறது.
நீ தெங்காவில் இருக்கிறாய்,
நாளை மாலை மாற்ற வேண்டியவன்,
முடிவெட்டக்கூட நேரமில்லாமல்.
"கோ மாத்திட்டேன்றார். கேளு" என்கிறாய்.
காசு தரையைத் தொடுகிறது.
டக்.
டக்.
ஐந்தாவது வரிசை முழுக்க, டக்.
நகரும்போது உன் முழங்கால் சொடுக்குவதும் கேட்கிறது.
ஆறாவது வரிசை, ஒன்று, இரண்டு.
பிறகு ஒரு சத்தம்.
நீ பேசவில்லை.
ஷர்மினி மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.
"இங்க ஒரே தட்டுச் சத்தம்" என்கிறேன்,
"சரியா கேக்கலை.
இன்னொரு தடவை தட்டு."