நக்காத புறங்கை

தோர்ஷாவ்ன் துறைமுகத்துக்கு மேலே
மருத்துவமனையின் நிலவறையில்
பத்தொன்பது வருடங்களாக
எனக்கு எல்லாக் கதவும் திறந்தது.

இன்று காலை ரன்வா வந்தாள்.
ஈரம் சொட்டும் மழைக்கோட்டை நாற்காலியில் போட்டாள்.
"ஹேயின், கோபித்துக்கொள்ளாதே" என்றவள்
ஒரே ஒரு வரி தட்டினாள்.
தரவுத்தள சர்வரில்
என் பெயர் இருந்த இடத்தில் இல்லை.

இயந்திரம் இன்னும் உன் பொறுப்புதான், என்றாள்.
மின்சாரம், குளிர்காற்று, வட்டுகள், கேபிள்கள்,
நடுராத்திரி அலாரம், எல்லாம் உன்னுடையவை.
உள்ளே இருப்பது மட்டும் உனக்கில்லை.
அதற்கான சாவி வேறு இருவரிடம்,
இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும்.
(அதில் ஒருவனுக்கு என்னைப் பிடிக்காது.)

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
காபி ஊற்றிக் கொடுத்தேன்.
எனக்குள் ஒரு கிழட்டு நாய்
தன் வீட்டைப் பார்த்தே குரைத்தது.

இந்தத் தீவுகளில்
ஒருவன் படகு வாங்கினால்
மூன்று மணி நேரத்தில் எல்லாருக்கும் விலை தெரியும்.
தெரியாமல் மிஞ்சியது
அந்த அட்டவணைகளில் இருப்பது மட்டும்.
யார் ரத்தத்தில் என்ன,
யார் எத்தனை மாத்திரையில் தூங்குகிறார்,
எந்தப் பிள்ளை எந்த அப்பனுடையதில்லை.

நான் பார்த்ததில்லை.
எப்படிச் சொன்னாலும் இந்த வாக்கியம்
பார்த்தவன் சொல்வதுபோலவே கேட்கிறது.

பார்த்தால் பதிவாகும்.
பார்க்காமல் இருந்ததற்குப் பதிவேடு கிடையாது.
அந்தப் பதிவேட்டையும் நானே அழிக்கலாம் என்கிறபோது
வெற்றுப் பக்கம் எனக்கென்ன சாட்சி சொல்லும்?
தேன் எடுப்பவன் புறங்கையை நக்குவான் என்று
ஊர் எப்போதோ முடிவுகட்டிவிட்டது.
நக்காத புறங்கையை
யாரிடம் நீட்டிக் காட்ட?

ஒரு ராத்திரி.
மார்யுனின் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது,
டாக்டர் திங்கட்கிழமைதான் சொல்வார் என்றார்கள்.
அன்று வெள்ளி.
நான் தட்டினேன்.
என் மனைவியின் பெயரை, ஆறாவது எழுத்து வரை.
வரியின் முனையில் கோடு
விட்டுவிட்டு மினுங்கியது.
பிறகு ஒவ்வோர் எழுத்தாக, பின்னோக்கி.
திங்கள்வரை இருவரும் உருளைக்கிழங்கு உரித்தோம்,
தேவைக்கு மேல்.
இதை அவளிடம்கூடச் சொன்னதில்லை.
அழித்த ஆறு எழுத்தும்
விரல்நுனிகளில் இன்னும் உறுத்துகின்றன.

ஆகவே ரன்வாவிடம் எனக்குக் கோபமில்லை.
கொஞ்சம் இருக்கிறது.
மதியம் பழக்கதோஷத்தில் நுழையப் பார்த்தேன்,
"அனுமதி இல்லை" என்றது,
நான் வளர்த்த இயந்திரம்,
மரியாதையாக.

மாலை மீன்கடைக்குப் போனேன்.
துரீ மூன்று வருடங்களாக
என் முகத்தைப் பார்க்காமலேயே எடை போடுபவள்.
தராசைப் பார்ப்பாள், கத்தியைப் பார்ப்பாள்,
என் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்ப்பாள்.
தன் கோப்பில் நான் எதைப் படித்ததாக நினைத்தாளோ.

"இனி உன்னால் உள்ளே பார்க்க முடியாதாமே?"
"முடியாது."
"வேண்டுமென்றாலும்?"
"வேண்டுமென்றாலும்."

நிமிர்ந்தாள்.
அவள் கண்கள் பச்சை, அது எனக்குத் தெரியாது.
எதையோ சொல்ல வாயெடுத்து
கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு
மேசைக்குக் குறுக்கே குனிந்து, ரகசியமாக:
"காட் மீன் வாங்காதே. நேற்றையது."

இரண்டு நாற்பதுக்கு அலாரம்.
எழுந்து போனேன்.
நான்காம் அடுக்கில் ஒரு வட்டு செத்திருந்தது.
கழற்றினேன்.
உள்ளங்கையில் சூடாக,
முட்டையிலிருந்து எழுந்துபோன கோழியின் இடம்போல.
அதற்குள் எத்தனை பேருடைய கல்லீரல்,
எத்தனை பேருடைய அழுகை.
காதருகே வைத்தாலும் ஒன்றும் கேட்காது.
வைத்தும் பார்த்தேன்.

புதியதைச் செருகினேன். பச்சை விளக்கு.
பழையதை
அழிப்புப் பெட்டியின் பிளவில் போட்டேன்.
அந்தப் பெட்டிக்கும் என்னிடம் சாவியில்லை.

வெளியே மழை, பக்கவாட்டில்.
வீடுவரை நடந்தேன்,
கைகளைப் பைக்குள் விடாமல்.