ஒரு கையால் திறப்பது

கிராம சேவகர் தந்த தாளில்
எட்டாவதாகக் கிடந்தது:
பல்பயன் கருவி, ஒன்று.
அதற்கு மேலே பனடோல், மெழுகுதிரி,
அடையாள அட்டைப் பிரதி.
கீழே விசில்.

கூட்டத்தில் ஆரோ சிரித்தார்கள்.
பதினொரு தரம் இடம்பெயர்ந்த சனத்துக்குப்
பை கட்ட வகுப்போ என்று.
வகுப்பெடுத்த பிள்ளை தாளைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.
நானும் சிரித்தேன். பிறகு
நாலாய் மடித்து வைத்துக்கொண்டேன்.
இரணைமடு வான்கதவு திறந்தால்
எங்கள் ஒழுங்கைக்கு நாற்பது நிமிடம்.
தண்ணீருக்குப் பகிடி விளங்காது.

பரந்தன் சந்தியில் ஹாட்வெயார் கடை.
பிருந்தன் என்று பெயர் குத்திய பெடியன்
கண்ணாடிப் பெட்டிமேல் ஐந்தைப் பரப்பினான்.
'இது பதினெட்டு வேலை செய்யும் அன்ரி.
குறடு, வாள், அரம்,
மீன் செதில் எடுக்கிறதும் இருக்கு.'
இரண்டு பிடியையும் இரண்டு பக்கம் இழுத்தான்.
'மற்றதைக் காட்டும்.'
அதையும் அப்படியே இழுத்தான்.

மூன்றாவதை நானே எடுத்தேன்.
பெட்டி விளிம்பில் முண்டு கொடுத்து
நகத்தால் நெம்பினேன்.
அலகு வந்தது.
நகமும் கொஞ்சம் வந்தது.

அப்போதுதான் கண்டான்
என் இடது சட்டைக்கை
முழங்கையோடு மடிந்து
ஊசி குத்தியிருப்பதை.

இந்த இடத்தில் எல்லாரும் கேட்பார்கள்:
எங்கே, எந்த மாதம்,
செல்லோ, ரவுண்ஸோ.
சொன்னால் நாக்கைச் சப்புவார்கள்.
அவன் கேட்கவில்லை.
தன் இடக்கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டான்.
ஒவ்வொன்றாய் எடுத்து
வலக்கையால் மட்டும் திறந்து பார்த்தான்.
ஒன்று விழுந்தது, முதலாளி எட்டிப் பார்த்தார்.
ஒன்று திறந்தது, மூட மாட்டேன் என்றது.
பல்லால் கடிக்கப் போனவன்
என்னைக் கண்டு நிறுத்தினான்.
'கடியும், நானும் கடிக்கிறனான்.'

உள்ளறைக்குப் போய்
பெட்டி நசுங்கிய ஒன்றோடு வந்தான்.
ஒன்பதே வேலை.
அலகு பிடிக்கு வெளிப்பக்கம்,
பெருவிரல் பதிய ஒரு துளை.
டிக்.
மூட ஒரு சின்ன அமத்தல்.
டிக்.
'ஒன்பது காணாதெண்டு ஒருத்தரும் எடுக்கிறேல்லை.
இருநூறு குறைக்கலாம்.'
ஐந்நூறு குறைத்து வாங்கினேன்,
கைக்காக இல்லை,
பெட்டி நசுங்கினதுக்கு.

கார்த்திகையும் அரைவாசி போயிற்று.
பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.
தகரத்தில் மழை. வான்கதவு மூடியபடி.
ஒரு இரவு கரண்ட் இல்லை, கறியும் இல்லை.
பைக்குள் இருந்த ரின்மீனை எடுத்தேன்.
தாளின்படி பிழைதான்.
முழங்கால்களுக்கிடையில் ரின்னை இறுக்கி
ரோச்சைக் கழுத்தில் சரித்து
விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொத்தி வர
பாதித் தண்ணி சட்டையில்.
இத்தனை வருடமும் ரின் வெட்ட
வேலிக்கு மேலால் தவமலரைக் கூப்பிடுவேன்.
அன்றைக்குக் கூப்பிடவில்லை.

விடிய வேலியடியில் நின்றாள்.
'ராத்திரி மீன் மணந்தது.'
'ஓம்.'
'ஆர் வெட்டித் தந்தது?'
எடுத்துக் காட்டினேன். டிக்.
கையில் வாங்கிக் கனம் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் தந்துவிட்டுப் போனாள்.
பகல் முழுக்க அவள் வீட்டு ரேடியோ
வழமையைவிடச் சத்தமாய்.

பின்னேரம் ஒரு ரின்னோடு வந்தாள்.
'உன்ர பைக்கு ஒண்டு குறையுது.
வை. இதையும் வெட்டிப்போடாதை.'