ஏழும் எட்டும்

மேடேறும்போதுதான் திணறும்.
சமதரையில் சாதுவாக ஓடிவிட்டு,
வைக்கோல் உருளை இரண்டை முதுகில் ஏற்றி
மணல்மேட்டில் முகம் வைத்ததும்
விக்கல் எடுத்தவன் தண்ணீருக்குத் தவிப்பதுபோல்
உதறும், எங்கள் தொண்ணூற்றொன்றாம் வருடத்து ஃபோர்டு.

டெல்வின் சொன்னான்: பெட்ரோலில் தண்ணீர்.
நான் சொன்னேன்: பம்ப்.
ஐன்ஸ்வொர்த் உதிரிபாகக் கடையில் ரோஸ்கோ
பேப்பரிலிருந்து தலை தூக்காமலே சொன்னான்:
எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

மாற்றினோம்.
ஃபில்டர், பம்ப், பிளக் எட்டு,
டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.
ஒரு கன்றின் விலையில் பாதி போயிற்று.
திணறல் மட்டும்
கம்பெனியிலிருந்து வந்ததுபோல் அப்படியே இருந்தது.

பிப்ரவரி. நெப்ராஸ்கா.
பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
ஸ்பேனர் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.
ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வயராக
ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் கழற்றினேன்.
ஒன்று: சத்தம் தாழ்ந்தது. செருகினேன்.
இரண்டு: தாழ்ந்தது. செருகினேன்.
எட்டு வரை இதே கதை.
செத்த சிலிண்டர் ஒன்றுகூட இல்லை.
தனித்தனியே விசாரித்தால் எட்டும் உழைப்பாளிகள்;
சேர்ந்து சுமை இழுக்கும்போதுதான்
யாரோ ஏய்க்கிறார்கள்.

இரவு
கொட்டகை விளக்கை அணைக்கச் சொன்னேன்.
கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே புட்டியில்
வெந்நீர் நிரப்பி
பானட்டுக்கு அடியில் ஒரு தூறல் போட்டேன்.
மிதி, என்றேன். மிதித்தான்.
இன்னும். பிரேக்கை விட்டுவிடாதே.

ஏழாம் வயருக்கும் எட்டாம் வயருக்கும் நடுவே
ஒரு நீல நூல்
தைத்தது, அறுந்தது,
தைத்தது.

இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்து
கறுப்பு டேப் சுற்றியிருந்தது,
இறுக்கமாக, சுருக்கம் விழாமல்.
போன அக்டோபரில்
எதுவும் தொங்கக் கூடாதென்று
டெல்வின் சுற்றியது.
சமையலறை டிராயரில் கரண்டிகளையும்
அப்படித்தான் அடுக்குவான்.

எட்டுக்கும் ஒரு முறைவரிசை உண்டு.
ஏழு வெடித்த பிறகே எட்டு.
ஏழுக்குப் போக வேண்டிய பொறி
தேய்ந்த தோல் வழியே பக்கத்து வீட்டுக்குத் தாவி,
மூச்சைப் பிடித்தபடி மேலே வந்துகொண்டிருக்கும்
பிஸ்டனின் மண்டையில் விழுந்திருக்கிறது,
இன்னும் அதன் முறை வராதபோதே.
அவ்வளவுதான் விஷயம்.

விளக்கைப் போட்டேன்.
அவன் இறங்கி வந்து குனிந்தான்.
டேப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
நான் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே மூடியிருந்த மூடியை.

கத்தி அவன் பையில்தான் இருந்தது.
அவனே அறுத்தான்.
ஏழை மேலாக வளைத்து, எட்டைக் கீழே விட்டு
நடுவில் துணிக்கொடி கிளிப் ஒன்று, மஞ்சள் நிறம்.
புது வயர் வெள்ளிக்கிழமை வரும்.

காலையில் மேடேறினோம்.
மேடு இருந்ததே தெரியவில்லை.
டெல்வின் ஒன்றும் பேசவில்லை.
உதறலுக்குப் பழகிய என் தோள்
ஒவ்வொரு வளைவிலும் தானாக இறுகி
ஏமாந்து தளர்ந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் நூற்றுப்பத்து மாடுகள்,
கறுத்த முதுகெல்லாம் வெண்பனி.
எப்போதும் முதல் விக்கலுக்கே
முட்டி மோதி ஓடி வருபவை.
இன்று ஒன்றும் அசையவில்லை.
எவனோ வழி தவறி வந்த வண்டி என்று
நின்ற இடத்தில் நின்று பார்த்தன.
டெல்வின் ஹாரன் அடித்தான்.
ஹாரன் வேலை செய்யும் என்பது
அவற்றுக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் கை வைத்து
உட்கார்ந்திருந்தான்.
பிறகு ஆக்சிலரேட்டரை
விட்டான், மிதித்தான், விட்டான்,
முகம் சிவக்க, முழு கவனத்தோடு,
எங்கள் பழைய திணறலை
ஒரு பிசிறும் விடாமல்.

உறைபனியில் காது நுனி போன கிழட்டுப் பசு
முதலில் திரும்பியது.