எதிர்ச்சாரிக் கடை

வெளிநாட்டுச் சாக்லேட் வேண்டுமென்றால்
மலையடியில் கண்ணாடி மால் இருக்கிறது, தம்பி.
மூன்றாம் மாடி. வெள்ளைக் கையுறை போட்ட பெண்
இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள்,
காதுத் தோடு மாதிரி.
சந்தையில் அதே பெட்டி பாதி விலை,
பெயரில் மட்டும் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும்.
விமான நிலையத்திலும் உண்டு,
அதற்கு முதலில் டிக்கெட் எடுக்க வேண்டும்.
எல்லாம் பத்து மணிக்குள் மூடிவிடும்.
பிள்ளைகள் மணி பார்த்தா பிறக்கின்றன?

அதனால்தான் இந்தக் கடை,
அல்மாட்டிப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே,
விடிய விடிய.
கதவைச் சாத்து, பனி உள்ளே வருகிறது.

இது பெல்ஜியம். இது சுவிஸ்.
தங்கத்தாள் சுற்றியது நர்சுகளுக்கு வேண்டாம், வீண்.
மயக்க மருந்துக்காரருக்கு உள்ளே பழம் வைத்தது ஆகாது.
பெரிய டாக்டரம்மா கல்தாயேவாவுக்குச் சர்க்கரை.
ஆனாலும் பெரிய பெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும்.
வாங்கி மேசையடியில் தள்ளுவார்.
வெள்ளிக்கிழமை ஆயா ஷோல்பான் பையில் போட்டு
என்னிடமே கொண்டுவருவாள், பாதி விலைக்கு.
முகத்தைச் சுளிக்காதே. தேதி பார்த்துத்தான் அடுக்குகிறேன்.
இதோ, மூலை நசுங்கிய இந்த நீலப் பெட்டி
நாலு பிள்ளைகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறது.
ஒருவரும் திறந்ததில்லை.
உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

ஒரு தடவை மட்டும்
வாங்கின ஆளே திருப்பிக் கொண்டுவந்தான்.
போன மார்ச், விடிகிற நேரம்.
தொப்பியெல்லாம் பனி.
ரிப்பன் அவிழாமல் கல்லாமேல் வைத்தான்.
நான் கேட்கவில்லை.
பதினெட்டாயிரம் டெங்கே, முழுசாக எண்ணி நீட்டினேன்.
அவன் எண்ணவில்லை.
ஒரு சிகரெட் பாக்கெட் கேட்டான்.
எந்த சிகரெட் என்றேன்.
சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெட்டியை விற்கவில்லை என்று
சொல்ல எனக்கும் ஆசைதான்.
அடுத்த புதன்கிழமை விற்றேன்.
இரட்டைப் பிள்ளைக்காரன் ஒருவன்,
மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல்
தெருவைக் கடந்து ஓடினான்.

சரி, உனக்கு எது?
பையனா, பெண்ணா?

இன்னும் ஆகவில்லையா?

அப்படியானால் பர்ஸை உள்ளே வை.
பெட்டியை இங்கேயே எடுத்து வைக்கிறேன்,
மூடிமேல் உன் பெயரை எழுதி.
பென்சில்தான்.
அழித்துவிடலாம்.