கோடிட்ட இடம்

"கலர் ரேன்" என்றாள் மேரிசெல்,
நர்ஸ் யூனிஃபார்மைக் கவுன்ட்டரில் விரித்து.
வெள்ளைத் துணி, இடுப்பிலிருந்து தோள்வரை இளஞ்சிவப்பு.
யாரோ ஒருத்தருடைய சிவப்புத் துண்டு
எங்கள் மெஷினுக்குள் பார்த்த வேலை.
சாயம் போச்சு என்போம் நாம்.
ஆங்கிலத்தில் அது ஓடுகிறதாம்.
எங்கே ஓடியது, துரத்தியது யார்
என்றெல்லாம் கேட்கவில்லை, சாரி மேடம் என்றேன்.
ஒன்றேகால் தினார் என் சம்பளத்திலிருந்து ஓடியது.

அந்த வாரமே ஒரு பள்ளிக்கூடப் பேன்ட்,
டோக்கன் நானூற்றுப் பதினெட்டு.
பாக்கெட்டில் இருப்பதை எடுத்துக் கவரில் போட வேண்டும்.
படிக்கக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை.
நாலாய் மடித்த வீட்டுப்பாடம்:
ரன் என்று அச்சடித்துப் பக்கத்தில் ஒரு கோடு,
ரன் என்று அச்சடித்துப் பக்கத்தில் இன்னொரு கோடு,
இருபது வாக்கியம்,
கோடிட்ட இடங்களை நிரப்புக.
பையன் ஏழை நிரப்பிவிட்டு
மீதிக்கு ஓரத்தில் ஒரு ஜீப் வரைந்திருந்தான்.

பில் புத்தகத்தின் முதுகில் காப்பி எடுத்துக்கொண்டேன்.
பால் தீர்ந்தால் ரன் அவுட்.
தெருவில் தெரிந்த ஆள் எதிர்ப்பட்டால் ரன் இன்ட்டு,
சுவரில் போய் மோதினாலும் அதே ரன் இன்ட்டு.
குதிரை ஒன்று, வால் மட்டும் வேறு வேறு.
இஸ்திரிப் புகைக்கு அந்தப்பக்கமிருந்து
தில்பகதூர் சிரித்தான்.

சிரிக்கலாம். நம் ஓடு மட்டும் என்ன லேசா?
கடை ஓடுகிறது. படம் ஓடவில்லை.
ரூமில் ஃபேன் ஓடுகிறது,
அதற்குக் கீழே படுத்தவனுக்கு ஒன்றும் ஓடவில்லை.
எப்படி இருக்கே என்று போனில் கேட்டால்
ஏதோ ஓடுது என்கிறேன்,
பதிமூன்று மணி நேரம் நின்றபடி வேலை பார்க்கிறவன்.

ரன் அவுட் மட்டும் எனக்குப் புதுசில்லை.
ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமை விடிகாலை,
வெயில் விழித்துக்கொள்வதற்கு முன்
மார்க்கெட் பார்க்கிங்கில் தயிர் கிரேட்தான் ஸ்டம்ப்.
நானும் சகாயராஜும் ஓப்பனிங்.
வா என்பேன். அவன் பாதி தூரம் வந்ததும்
வேண்டாம் என்பேன்.
ஒரு தடவையா, இரண்டு தடவையா.
அவன் திட்டமாட்டான்.
பேட்டைத் தரையில் இழுத்துக்கொண்டே போவான்,
அந்தச் சத்தம்தான் கேட்கும்.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை அவன் கட்டில் காலியாக இருந்தது.
மறுநாள் கம்பெனி மந்தூப் வந்தான்,
ஃபைலைத் திறந்தான், பேனா மூடியைக் கழற்றினான்.
"சகாயராஜ். ரன் அவே?"

ஊரில் ஓடிப்போனான் என்றால்
கூட ஒரு பெண் போயிருக்கிறாள் என்று அர்த்தம்.
இங்கே ஓடிப்போனான் என்றால்
போலீஸுக்கு ஒரு தாள்,
பிடித்தால் ஒரு விமானம்.
கூடப் போயிருக்க வேண்டியவன் நான்.
நாலு மாதச் சம்பளம் வரவில்லை, போகலாம் வா
என்று முதலில் சொன்னவனும் நான்.
பஸ் வந்து கதவு திறந்தது,
அவன் ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பிப் பார்த்தான்,
அப்போது வேண்டாம் என்றேன்.

பேனா காத்திருந்தது.
"ரன் அவுட், சார்."
வாயில் வந்தது அதுதான்.
வேண்டுமென்றே சொன்னேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

மந்தூப் புருவத்தைத் தூக்கினான்.
"ரன் அவுட் ஆஃப் வாட்?"

எது தீர்ந்துபோயிற்று என்று கேட்கிறான்.
ரன் அவுட் ஆஃப், பக்கத்தில் ஒரு கோடு.
என்னென்னவோ நிரப்பலாம் அதில்.

"சோப்புப் பவுடர், சார். வாங்கப் போயிருக்கிறான்."

அவன் அலமாரியைப் பார்த்தான்.
நல்லவேளை, நிஜமாகவே ஒரு டப்பா காலி.
பேனாவை மூடினான், நாளை வருகிறேன் என்றான்.

ஒரு ராத்திரி கிடைத்தது.
ஒரு ராத்திரிக்குள் எவ்வளவு தூரம் ஓட முடியும்
என்று எனக்குத் தெரியாது.
நான் ஓடிப் பார்த்ததில்லை.