பதினான்கு அடி அலகு

பகலில் என் அலகு பதினான்கு அடி.
பிப்ரவரிச் சூட்டில் சரளைச் சாலையைச் சீவிக்கொண்டு போவேன்,
போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது.
ஓரத்தில் ஒதுங்கும் செம்மண் வரப்பு
பின்கண்ணாடியில் நீண்டுகொண்டே வரும்.
இரவில் என் அலகு இரண்டு விரற்கடை.
சமையல் மேசை, கழுத்து வளைந்த விளக்கு,
கனத்த காகிதம்.

நான் சீவிய ஓரத்தில்தான் அது முளைக்கும்.
யாரும் கோக்காமல் தானே ஒரு வட்டம்.
நடுவில் வெறும் பச்சை,
விளிம்பு முழுக்க வெளியே பார்த்த பூ,
வெண்ணெய் நிறம், நுனியில் சிவப்பு.
மலர்வளையம் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.
யாரும் சாகவில்லை.
பத்திரமாய் இருக்கும் புதருக்குள் அதைத் தேடாதீர்கள்.
கிளறிப் போட்ட சரளை வேண்டும் அதற்கு,
லாரி திரும்பிய இடம் வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் பெர்த்திலிருந்து கார்கள் வரும்.
வட்டத்தைச் சுற்றிக் குப்புறப் படுத்துப் படம் எடுப்பார்கள்.
இந்த ஓரத்தைக் கீறியது யார் என்று
ஒருவரும் கேட்டதில்லை.
புழுதி படாமல் மெதுவாக ஓட்டி
கையாட்டிவிட்டுப் போவேன்.

பறித்தால் அபராதம்.
காகிதத்தில் பறிக்கலாம்.

முதலில் வண்ணம், பிறகுதான் வெட்டு.
மழைத்தொட்டித் தண்ணீரில் கரைத்த சிவப்பு
நிற்கச் சொன்னால் நிற்காது, ஓடும்.
போர்வெல் தண்ணீரில் உப்பு அதைப் பிடித்து வைக்கும்,
காயக் காயப் பொரிப்பொரியாய்ப் பூக்கும்.
எங்கள் தாழ்வயல் முழுவதையும் தின்ற உப்பு
ஓர் இதழுக்கு உதவுகிறது, உதவட்டும்.
ஈரத்தில் கத்தி வைத்தால் நார் பிய்ந்துவிடும்.
ஒரு நாள் பொறுக்க வேண்டும்.
கத்தி நிற்க, காகிதம் திரும்ப வேண்டும்.
கிரேடரில் தலைகீழ்;
சாலை எனக்காகத் திரும்பியதே இல்லை.

வாடாப்பூவைச் செய்வதில்லை.
பிறக்கும்போதே காகிதம் அது,
தொட்டால் சரசரக்கும்.
உப்புக்கு உப்புப் போடுகிற வேலை.
சிலந்தி ஆர்க்கிட் மூன்று முறை அறுந்தது.
ஐந்து கால் இருக்கவேண்டியதற்கு நான்குதான் மிஞ்சியது.
தண்ணீர் லாரி ஓட்டும் கெல்வின்
ஐந்தாவது எங்கே என்றான்.
விளக்குக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டது என்றேன்.

செப்டம்பரில் கவுன்சிலிலிருந்து ஒரு தாள்:
பதினேழாவது கிலோமீட்டர் வளைவு,
அறுவடைக்கு முன் அகலப்படுத்தவும்.
அங்கே நான்கு வட்டங்கள் பூத்திருந்தன.
மூன்றுக்கு அலகைத் தூக்கினேன்.
அலகைத் தூக்கிய இடம் சாலையில் தெரியும்,
பல் விழுந்த சீப்பு மாதிரி.
கெல்வின் பார்த்தான், பேசவில்லை.
நான்காவதற்குத் தூக்கவில்லை.
அது உட்புறத்தில், எதிரே வருவதை
மறைக்கும் மேட்டின் மேல் இருந்தது.
போன அறுவடையில் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம்
கோதுமை லாரி வந்தது
பாக்ஷா வீட்டுப் பையனுக்குத் தெரியவில்லை.
யாரும் சாகவில்லை என்று மேலே சொன்னது
பூவின் பேரைப் பற்றி.

மேடு போயிற்று. வட்டமும் போயிற்று.
இப்போது அந்த வளைவில் கண் நெடுந்தூரம் போகிறது.

அன்று இரவு அளவு பார்த்து வெட்டினேன்.
இரண்டு கை அகலம், எண்பத்தொரு பூ.
எண்ணித்தான் வைத்திருந்தேன்,
எந்திரத்தை அணைத்துவிட்டு, இறங்கி, முட்டிபோட்டு,
அலகு இறங்கும் முன்.
ஐம்பதாவது பூவில் விரலில் கீறல்.
அந்தச் சிவப்பைத் துடைத்துவிட்டேன்,
என் கணக்கில் அது கிடையாது.

ஞாயிறன்று எடுத்துப் போனேன்.
நோரீன் பாக்ஷா அதை மேசையில் வைக்காமல்
சன்னலுக்குச் சாய்த்துப் பிடித்தாள்.
கொதிக்க வைத்த தண்ணீர் ஆறிப்போயிற்று.
நான் எதற்கு வந்தேன் என்று அவள் கேட்கவில்லை,
நானும் யோசித்து வைத்திருந்ததைச் சொல்லவில்லை.
பூ நுனியில் பொரிந்திருந்ததை
விரலால் மெல்ல உரசினாள்.

உப்பா இது, என்றாள்.
போர்வெல் தண்ணீர், என்றேன்.